மூடாமல் விட்ட குறி

எங்கள் பிரவுசருக்கு முப்பது வயதாகிவிட்டதாம். அதைக் கொண்டாட ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், நடுவில் பதினாறு பக்கம் போட்டோ. நாற்பத்தோராம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘தொடக்கக் காலப் புரோகிராமர் ஒருவரின் அலட்சியத்தால், தப்பும் தவறுமாக எழுதப்பட்ட பக்கங்களையும் பிரவுசர் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது, இணையம் குப்பைமேடானது அங்கிருந்துதான்.’

அலட்சியமா? பதினொரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். முதுகு போனது. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினேன். அலட்சியமாக இருப்பதற்கு இவ்வளவு உழைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பேசாமல் பொறுப்பாகவே இருந்திருப்பேன். செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அதனால் ஒரு கப்பல் தரைதட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்மேல் குற்றம் சொல்வதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை அவர்களுக்கு.

பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டரின் மூன்றாவது மாடியில், முன்பு காகிதக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மெஷின்கள் சூடாகக் கூடாது என்று ஏசியை வைத்த வைப்பில் நாங்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம். மொத்தம் மூன்று பேர். எங்கள் தலைவருக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர் வைத்திருந்தோம். அவர் வாயைத் திறந்தால் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். டீ மெஷினில் ஒட்டியிருந்த அறிவிப்பைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் டீ எடுப்பார். அடுத்தவனுக்குப் பெயர் ‘சக்கரம்’. பக்கம் வந்து சேரும்வரை திரையின் மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுமே, அதை வரைந்தவன். அதற்கு நாலு மாதம் எடுத்துக்கொண்டான். மூன்றாவது ஆள் நான்.

அப்போது உலகம் முழுக்கச் சேர்த்தாலே எழுநூறு பக்கம்தான் இருந்திருக்கும். எழுதியவர்கள் விஞ்ஞானிகள், நூலகர்கள், பாட்டுக் குழு நடத்துபவர்கள். ஒரு பக்கம் என்பது வெறும் எழுத்துதான். நடுநடுவே சில குறிகள். இங்கே தலைப்பு தொடங்குகிறது என்று ஒரு குறி, இங்கே முடிகிறது என்று இன்னொரு குறி. திறந்ததை மூட வேண்டும். மனிதர்கள் மறப்பார்கள். மறந்தால் எங்கள் பிரவுசர் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் திரையைக் காட்டி, ‘பதினான்காம் வரியில் பிழை’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பக்கத்தில் வேறு என்ன இருந்தாலும் சரி, காட்டாது.

அப்படிப் படுத்துவிட்ட பக்கங்களை ஒரு தனி இடத்தில் சேர்த்துவைப்போம். அதற்கு ‘ஆஸ்பத்திரி’ என்று பெயர். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஒரு பக்கத்தைத் திறந்து என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு டீ கிடையாது. பிறகு எழுதியவருக்கு, ஐயா உங்கள் பதினான்காம் வரியைப் பாருங்கள் என்று ஒரு கடிதம் அனுப்புவோம். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் திட்டினார்கள். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு உலகம் படுத்துக்கிடக்கிறது என்றால் வியாதி பக்கத்தில் இல்லை, டாக்டரிடம்தான் இருக்கிறது என்றேன். சக்கரம் சிரித்தான். முற்றுப்புள்ளி சிரிக்கவில்லை.

“தப்பா எழுதினவனுக்குத் தப்புன்னு சொல்லணும்,” என்றார்.

“நீங்க சொல்றது எழுதினவன்கிட்ட இல்ல சார். படிக்க வந்தவன்கிட்ட. அவன் என்ன பண்ணினான்?”

பதில் இல்லாதபோது அவர் அனுமதி கொடுப்பார். அது அவரிடம் இருந்த ஒரு நல்ல குணம். சோதனைக்காகச் செய்து பாருங்கள் என்றார். பதினொரு வாரத்தில் முப்பத்தொரு விதிகள் எழுதினேன். தலைப்பை மூடவில்லையா, அடுத்த பத்தி தொடங்கும் இடத்தில் நீயே மூடிக்கொள். பட்டியலை மூடவில்லையா, பக்கம் முடியும் இடத்தில் மூடிக்கொள். தெரியாவிட்டால் ஊகி; எதையாவது காட்டு; வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதே. ஒரே மாதத்தில் ஆஸ்பத்திரி காலியாகிவிட்டது. பக்கம் தெரிகிறது, தெரிகிறது என்று எங்கிருந்தெல்லாமோ கடிதங்கள் வந்தன. பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இங்கேதான் என் அக்கா வருகிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிப்பாள். அவள் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் டைப்பிஸ்ட் பிரிவையே மூடி, பதினெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு வருஷம் வீட்டில் இருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டிக்கொண்டிருக்கும். அத்தான் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பேச ஆள் இல்லாமல் எனக்குப் போன் செய்து, ஒன்றுமில்லை சும்மாதான் கூப்பிட்டேன் என்பாள். அதைக் கேட்டால் எனக்கு மனசு கனத்துப்போகும்.

பிறகு துறைமுக அலுவலகத்தில் ஓர் ஒப்பந்த வேலை வந்தது. கடல் எந்த நாள் எந்த நேரத்தில் ஏறும், எப்போது வற்றும் என்ற பட்டியலை வாராவாரம் ஒரு பக்கமாக எழுதிப் போட வேண்டும். அது சின்னத் துறைமுகம். கப்பல் நுழையும் வாயில் ஆழம் குறைவு. தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் பெரிய கப்பல் உள்ளே வர முடியும். பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக் கருவி ஒன்று அங்கே இருந்ததால் எங்கள் இணைப்பு அவர்களுக்கும் கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறிகளை எழுதிக்காட்டினேன். இரண்டு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். மறுவாரமே என்னிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டு, உங்கள் பிரவுசரில் இது சரியில்லை, அது சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தாள். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது மறைகுறிப்பு. ஒரு குறி போட்டுத் திறந்து, எதை வேண்டுமானாலும் எழுதி, இன்னொரு குறி போட்டு மூடினால் அது படிப்பவர் கண்ணில் படாது. எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தெரியாதது அதிகம். ‘கப்பல் பைலட்டைக் கேட்கவும்.’ ‘போன வருஷம் இதே நாள் வேறு மாதிரி இருந்ததே.’ ‘சின்னவளுக்கு ஷூ.’ ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு தடவை சரிபார்த்து, பார்த்துவிட்டேன் என்று தனக்குத் தானே ஒரு குறிப்பு எழுதிக்கொள்வாள். அவ்வளவு கவனம்.

அந்த வியாழக்கிழமை, நேரங்களையெல்லாம் அடித்து முடித்துவிட்டு, செவ்வாய் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு மறைகுறிப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்திருக்கிறது. எழுந்து போனாள். திரும்பி வந்து, அடுத்த வரியான புதனுக்குப் போய்விட்டாள். செவ்வாயில் திறந்த குறிப்பு மூடப்படவே இல்லை.

என் முப்பத்தொரு விதிகளில் பத்தொன்பதாவது விதி இதற்கானது. மறைகுறிப்பை மூட மறந்திருந்தால், கீழே அடுத்து எங்கே மூடும் குறி வருகிறதோ அதுவரை எல்லாவற்றையும் மறைத்துவிடு. அடுத்த மூடும் குறி, புதன் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அவள் எழுதிய குறிப்பில் இருந்தது. ஆகவே பிரவுசர் செவ்வாயின் நேரங்களையும் புதன் என்ற வார்த்தையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. திரையில் ‘செவ்வாய்’ என்று இருந்தது. பக்கத்தில் புதன்கிழமையின் நேரம். புதன்கிழமை என்று ஒரு நாளே இல்லை. ஆனால் பட்டியல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. ஒரு இடைவெளி இல்லை, ஒரு கோணல் இல்லை.

கப்பல்களைத் துறைமுக வாய் வழியாக உள்ளே கொண்டுவரும் பைலட் செவ்வாய்க்கிழமை வரியைப் பார்த்தார். தண்ணீர் ஏறி நிற்கும் நேரம் பத்து பத்து என்று இருந்தது. உண்மையில் அன்று ஒன்பது இருபது. மரக்கட்டை ஏற்றிய கப்பல் பத்தரைக்கு வாய்க்கு வந்தபோது தண்ணீர் இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. அடிமணலில் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அடுத்த ஏற்றம் வரும்வரை, கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம், அது அங்கேயே இருந்தது. உள்ளே இருந்த படகுகள் வெளியே போக முடியவில்லை, வெளியே இருந்தவை உள்ளே வர முடியவில்லை. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

அக்கா போன் செய்தாள். அழவில்லை. “பட்டியல்ல புதன்கிழமை இல்லடி,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் பக்கத்தின் மூல எழுத்தை, அவள் அடித்தபடியே குறிகளோடு, திறந்தேன். கண்டுபிடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

முற்றுப்புள்ளி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். “பழைய பிரவுசரா இருந்தா சாம்பல் திரை வந்திருக்கும். பைலட் போன் பண்ணிக் கேட்டிருப்பார்,” என்றார். நிஜம். குறிப்புக்குள் குறிப்பைத் திறந்தது பிழை என்று சொல்லி அந்தப் பக்கத்தைக் காட்டவே மறுத்திருக்கும். கப்பல் வந்திருக்காது. வேறு எந்தப் பேச்சிலும் அவரிடம் தோற்காத நான் அந்த ஒரு இடத்தில் தோற்றேன்.

அதோடு விட்டிருந்தால் அவரை இன்றுவரை மதித்திருப்பேன். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை துறைமுக அலுவலகத்தில் விசாரணை. மறுவாரம் ஒரு கம்பெனி எங்கள் பிரவுசரை எடுத்துக்கொள்ள வருகிறது. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் காட்டுகிறது என்பதற்காகவே வருகிறது. அதனால் விசாரணையில் பிரவுசர் மேல் பேச்சு வரக் கூடாது. பக்கம் தப்பாக எழுதப்பட்டிருந்தது, எழுதியவர் தப்பு, அதோடு முடிந்தது. எழுதியவர் என் அக்கா என்றேன். தெரியும், அதனால்தான் நீங்கள் பேச வேண்டாம் என்கிறேன், நான் பேசிக்கொள்கிறேன் என்றார். நாலு மாதம் முன்பு என் விதிகளைப் பார்த்து முகம் சுளித்த மனிதர், இப்போது அவற்றைக் காப்பாற்ற என் அக்காவைக் கைகழுவத் தயாராகிவிட்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அன்று வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், “எல்லாரும் குடும்பத்தைக் கரையேத்தப் பாடுபடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கப்பலையே கரையேத்திட்டீங்க,” என்றார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் பத்தொன்பதாவது விதியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். உன் மேல் தப்பே இல்லை, நான் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பத்தொரு விதிகள் எழுதியும் என் அக்காவை ஊகிக்க எனக்குத் தெரியவில்லை.

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் துறைமுக அதிகாரியும் இரண்டு குமாஸ்தாக்களும். எதிரில் முற்றுப்புள்ளி, நான், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு பைலட். அக்காவுக்கு மேஜையில் இடம் இல்லை. கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முற்றுப்புள்ளி மூன்று நிமிஷம் பேசினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அக்காதான் கப்பலைத் தள்ளிக்கொண்டுபோய் மணலில் உட்காரவைத்தாள் என்று தோன்றியது. அதிகாரி தலையசைத்துக்கொண்டே ஃபைலை மூடப்போனார். ஒப்பந்த ஊழியரை மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம், தொழில் தெரிந்த ஒருவரைப் போடலாம் என்றார்.

நான் எழுந்தேன். மூலையில் இருந்த மெஷினில் அக்காவின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பிறகு அதன் மூல எழுத்தைத் திறந்தேன். இதோ செவ்வாய், இதோ ஒன்பது இருபது. சரியாகத்தான் அடித்திருக்கிறாள். இதை எடுத்து ஒளித்துவைத்தது என் புரோகிராம். ஒளித்ததோடு நிற்காமல், ஒளித்த தடம் தெரியாதபடி பட்டியலை நேராக அடுக்கியும் வைத்தது. அந்த விதியை எழுதியவள் நான். எழுதும்போது நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன். தண்டனை கொடுப்பதென்றால் எனக்குக் கொடுங்கள், இவள் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

“அது பொய்,” என்றாள் அக்கா.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினோம். எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“குறியைத் திறந்துட்டு மூடாம எழுந்து போனது நான். திரும்பி வந்து பாக்காதது நான். இவ எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டு என்னை ஒண்ணும் தெரியாதவளா ஆக்கறா. நான் சும்மா பட்டனைத் தட்டறவ இல்ல சார். அந்தப் பக்கத்தை நான் எழுதறேன். அதுல இருக்கற தப்பும் என்னுது.”

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அக்கா, சும்மா இரு என்றேன். நீ சும்மா இரு என்றாள். மூடாவிட்டால் என்ன, செவ்வாயை என் விதி மறைக்காமல் விட்டிருக்கலாமே என்றேன். நான் மூடியிருந்தால் உன் விதிக்கு வேலையே இல்லையே என்றாள். சின்ன வயதில் ஒரு சீப்புக்கு நாங்கள் போட்ட சண்டை மாதிரி, அரசாங்க மேஜைக்கு முன்னால் நின்று, இரண்டு பேரும் ஒரு பழிக்குச் சண்டை போட்டோம். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். இந்த அறையில் எல்லோரும் நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லித்தான் இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன் என்றார் அதிகாரி. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பைலட் தொண்டையைக் கனைத்தார். “பட்டியல்ல ஆறு நாள்தான் இருந்துச்சு,” என்றார். “நானும் எண்ணிப் பாக்கல.”

முற்றுப்புள்ளி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சரி, இனிமேல் இப்படி நடக்காது என்று யாராவது எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தால் வேலை தொடரும், இல்லாவிட்டால் இல்லை. நான் பேனாவை எடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“நான் தப்பே பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுக்க முடியாது சார். போன் அடிக்கும், எழுந்து போவேன், மறந்துடுவேன். எனக்கு வேணுங்கறது ஒண்ணுதான். இவ பிரவுசர் ஊகிக்கட்டும். ஆனா ஊகிச்சேன்னு சொல்லட்டும்.”

பதினொரு வாரம் யோசித்தவள் நான். அது எனக்குத் தோன்றவில்லை. முற்றுப்புள்ளிக்கும் தோன்றவில்லை. அவர் காட்டாதே என்றார், நான் காட்டு என்றேன்; காட்டியதோடு உண்மையையும் சொல் என்று கேட்டவள் கதவோரம் உட்காரவைக்கப்பட்ட டைப்பிஸ்ட். புத்தகம் போட்டவர்கள் இதை எழுதிக்கொள்ளட்டும்.

அதிகாரி ஒரு மாதம் கெடு கொடுத்தார். நான் அந்தச் சனி ஞாயிறிலேயே செய்து முடித்தேன். பக்கத்தின் தலைமாட்டில் ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே ‘இந்தப் பக்கத்தில் இத்தனை இடங்களை ஊகித்துக் காட்டியிருக்கிறேன்’ என்று ஒரு வரி. எல்லாம் சரியாக இருந்தால் கோடு வராது. சக்கரம் அதைப் பார்த்துவிட்டு, தன் சக்கரத்தைவிட இது அழகாக இருக்கிறது என்றான். அவன் வாயிலிருந்து அது வருவதென்றால் சாதாரணமில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் பிரமாதம் என்றார்கள். சிவப்புக் கோடு மட்டும் வேண்டாம் என்றார்கள். பத்தில் மூன்று பக்கத்தில் கோடு வருகிறது. ஜனங்கள் பக்கம் கெட்டுவிட்டது என்று நினைக்கமாட்டார்கள், பிரவுசர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அவர்கள் போனபிறகு, கோட்டை எடுத்துவிடுங்கள் என்றார் முற்றுப்புள்ளி. முடியாது என்றேன். இது முடிவு என்றார்.

“சார், தப்பைத் தப்புன்னு சொல்லணும்னு சண்டை போட்டவர் நீங்க. இந்தக் கோடு அதைத்தான் சொல்லுது.”

அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். “கம்பெனி வேண்டாங்குது,” என்றார், என்னைப் பார்க்காமல். ஒரு கணம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கோட்டை வரையும் வரிகளை அவரே அழித்தார். காலை பதினோரு மணி. மூன்று டீ ஆறிக்கொண்டிருந்தது. தப்பை மூடிமறைத்துக் காட்டும் பிரவுசர் உலகத்துக்குப் போனது அப்படித்தான். அதற்கு அலட்சியம் என்று பெயர் இல்லை.

அழிப்பதற்கு முன்பே நான் கோடு போட்ட பிரவுசரை மூன்று பிளாப்பிகளில் எடுத்துவைத்திருந்தேன். அவர் கண் முன்னால் அவற்றைப் பையில் போட்டேன். துறைமுகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், திருட்டு என்று தோன்றினால் புகார் கொடுங்கள், வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்பேன் என்றேன். அவர் புகார் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை என்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு மாற்றி ஓர் உத்தரவு வந்தது. பன்னிரண்டு வருஷம் அங்கே புத்தக அட்டவணையை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தப் பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் அந்தப் புத்தகத்தின் போட்டோக்களில் சிரிக்கும் ஒருவருக்கும் இருந்திருக்காது.

அக்காவின் மெஷினில் நானே அதை ஏற்றினேன். அவளுக்கு வேலை நீடித்தது. மறுவருஷமும் நீடித்தது. புதிய பிரவுசர் வந்திருக்கிறது, படமெல்லாம் நகரும், மாற்றித்தருகிறோம் என்று மெஷின் ஆட்கள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் கதவிலேயே நிறுத்தி, இந்த மெஷினில் கை வைக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினாள். கேட்டவரிடமெல்லாம், இது நான் சொல்லிச் செய்தது என்பாளாம்.

நான் நூலகத்துக்குப் போன இரண்டாவது மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், போன் அடித்தது.

“உன் கோடு வந்திருக்கு,” என்றாள் அக்கா. “ஒரு இடம்னு சொல்லுது.”

என் மெஷினிலிருந்தே அவள் பக்கத்தின் மூல எழுத்தைப் பார்க்க முடியும். இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று கீபோர்டில் கை வைத்தேன்.

“பாக்காதே. நானே கண்டுபிடிக்கறேன். நீ லைன்ல மட்டும் இரு.”

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் வரி வரியாகப் படிப்பது முணுமுணுப்பாகக் கேட்டது. ஞாயிறு. திங்கள். செவ்வாய். நூலகர் வந்து நின்று போனையும் என்னையும் பார்த்தார். நான் அவரைத் திரும்பி முறைத்தேன், போய்விட்டார். கடிகாரத்தில் ஏழு நிமிஷம் ஆயிற்று. பிறகு படபடவென்று நாலு விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

“வெள்ளிக்கிழமை,” என்றாள். “மூடிட்டேன். கோடு போயிடுச்சு. வை.”